தீபாவளிக்கு மல்லாரியோடு வாணவேடிக்கை: வெடி விரியும் கணத்தைச் சமத்தில் நிறுத்துவது எப்படி?

ஓஹையோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொலம்பஸ் நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் என் நண்பருக்கு ஏழு ஏக்கர் புல்வெளி இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று பத்துப் பதினைந்து குடும்பங்கள் அங்கே கூடி, கடையில் வாங்கிய வாணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்துவது எங்கள் வழக்கம். ஓஹையோவில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பொதுமக்கள் வாணம் விடலாம் என்று குறித்திருக்கும் நாட்களில் தீபாவளியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதால், இந்த ஆண்டு தீபாவளியன்று நாலரை நிமிடக் காட்சி ஒன்றை இசையோடு இணைத்து நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இசை, எங்கள் ஊர்க் கோயில் புறப்பாட்டில் என் மாமா பதிவு செய்து அனுப்பிய, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் மல்லாரி. ஆதி தாளம், அதாவது ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம்; தவில், ஓர் அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையில் போகிறது; வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 அட்சரம்.

கடந்த ஜூலையில் இதன் சிறு முன்னோட்டம் ஒன்றைச் செய்து பார்த்தோம். ஒலிபெருக்கியில் வேறொரு பாட்டு ஓட, நேரம் குறித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நண்பரும் ஆளுக்கொரு கேஸ் லைட்டரோடு நின்றோம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு வாணங்களில் ஒன்றின் திரி நான்கு விநாடியிலும் மற்றொன்றின் திரி எட்டு விநாடியிலும் எரிந்து முடிந்தன. பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது வானம் இருட்டாக இருந்தது. பாடகர் குரலைத் தாழ்த்தி அடுத்த சரணத்தைத் தொடங்கியபோது தலைக்கு மேலே தங்கப் பூவாக விரிந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள் என்றாலும், எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கையால் கொளுத்தி இதைச் சரிசெய்ய வழி உண்டா, அல்லது மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டுமா? இந்தப் பொழுதுபோக்கில் அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


திரிமுனை எழுதியது:

வணக்கம். நான் இண்டியானாவில் ஐந்து ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். உங்கள் கையில் பிழை இல்லை. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் வாணத்தின் திரி குறைந்தது 3 விநாடியும் அதிகபட்சம் 9 விநாடியும் எரிய வேண்டும் என்பது நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கொளுத்துபவர் விலகிப் போவதற்காக ஏற்பட்ட இடைவெளி அது. தாளத்தை மனத்தில் வைத்து வகுத்ததல்ல. விதிக்கு உட்பட்ட இரண்டு திரிகளுக்கு இடையிலேயே ஆறு விநாடி வேறுபாடு இருக்கலாம் என்றால், நீங்கள் சொல்லும் காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) அது ஒரு முழு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. ஆகவே கையால் கொளுத்தி இசையோடு சேர்ப்பது, எவ்வளவு பழகினாலும், நடக்கக்கூடியதல்ல.

மின்சாரத்தால் பற்றவைக்கும் கருவிகள் இப்போது எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டன. கையில் ஒரு ரிமோட்டும், அதன் கட்டளைப்படி மின்சாரம் அனுப்பும் சில மாட்யூல்கள் (பெட்டிகள்) களத்திலும் இருக்கும். ஒவ்வொரு மாட்யூலிலும் பல வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழியிலிருந்தும் ஒரு கம்பி ஒரு வாணத்துக்குப் போகும். நான் வைத்திருக்கும் கோப்ரா வகையில் ஒரு மாட்யூலுக்கு 18 வழிகள். உங்கள் நாலரை நிமிடத்துக்கு இரண்டு மாட்யூல்கள், அதாவது 36 வழிகள், தாராளமாகப் போதும். வாணத்தின் முனையில் இருக்க வேண்டிய இக்னைட்டரை (பற்றவைப்பானை)ப் பற்றி ஒரு வார்த்தை: தொழில்முறையாளர்கள் பயன்படுத்தும் மின்தீக்குச்சியை வாங்க ஏ.டி.எஃப். என்னும் கூட்டரசு அமைப்பின் உரிமம் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் திரியைக் கவ்விக்கொள்ளும் கிளிப் வகையைப் பயன்படுத்துகிறோம். மின்சாரம் பாய்ந்ததும் அதிலுள்ள மெல்லிய கம்பி சிவந்து திரியைப் பற்றவைக்கும். திரி வாணத்துக்குள் நுழையும் இடத்துக்கு அருகில் அதைக் கவ்வவிட்டால், எரிய வேண்டிய நீளம் குறைந்து, வேறுபாடும் குறையும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கலையின் மையம் என்று நினைக்கிறேன். நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரம் வேறு, வானில் பூ விரியும் நேரம் வேறு. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தை நீங்களே அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். காட்சிக்கு வாங்கும் ஒவ்வொரு வகையிலும் கூடுதலாக இரண்டு வாங்கி, அனுமதிக்கப்பட்ட ஒரு நாளில் விட்டுப் பாருங்கள். கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, விநாடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதிவாகும்படி வைத்து, பொத்தானை அழுத்தும் அதே கணத்தில் ஒரு கைவிளக்கும் எரியும்படி அதையும் படத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு கணினியில் விளக்கு எரிந்த சட்டத்திலிருந்து பூ விரியத் தொடங்கிய சட்டம்வரை எண்ணுங்கள். நான் சென்ற ஆண்டு பயன்படுத்திய, குழாயிலிருந்து மேலே ஏறி விரியும் குண்டுகளில் இது 210 சட்டங்கள் வந்தது, அதாவது மூன்றரை விநாடி: திரி பற்றிக் குண்டு குழாயை விட்டுக் கிளம்ப 0.9 விநாடி, மேலே ஏறி விரிய 2.6 விநாடி. உங்களுக்கு வேறு எண் வரும், என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கழித்தல் கணக்குதான். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் மல்லாரியை ஓடவிட்டு, சமம் (ஆவர்த்தனத்தின் முதல் அடி) விழும் ஒவ்வொரு முறையும் ஒரு குறி வைத்து, அந்தக் குறிகளின் நேரத்தை மட்டும் தனிக் கோப்பாக எடுக்கலாம். 1 நிமிடம் 12 விநாடியில் வரும் சமத்தில் பூ விரிய வேண்டுமானால், 1 நிமிடம் 8.5 விநாடியில் கம்பியில் மின்சாரம் பாய வேண்டும். ஃபைனலி 3டி போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்து, வானம் எப்படித் தெரியும் என்பதையும் திரையில் காட்டும். முதல் காட்சிக்கு ஒரு சாதாரண அட்டவணைத் தாளே போதும்.

ஒலிபெருக்கியை ப்ளூடூத்தில் இணைக்காதீர்கள். அதில் ஒலி வெளிவரவே பல சமயம் 0.1 முதல் 0.3 விநாடிவரை தாமதமாகும். சட்டம் சட்டமாக எண்ணிச் சேமித்த துல்லியம் அங்கேயே கரைந்துபோகும். கம்பியால் இணைத்துவிடுங்கள்.


தாளக்காரி எழுதியது:

வணக்கம். நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் வானில் ஏறும் வாணங்களைப் பொதுமக்கள் விட அனுமதி இல்லை என்பதால், பென்சில்வேனியாவில் உள்ள தோழியின் பண்ணையில் நடக்கும் காட்சிக்கு இசையைப் பிரித்து எழுதித் தருவது என் பங்கு. மிருதங்கம் பயின்றவள் என்ற முறையில், மல்லாரியைத் தேர்ந்தெடுத்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் ஒலிக்கும் அந்த இசை திறந்த வெளிக்காகவே உருவானது. அதன் நடையும் வானத்துக்குப் பொருந்தும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கோயில் புறப்பாட்டில் நேரடியாகப் பதிவு செய்த மல்லாரியில் காலப்பிரமாணம் ஒரே சீராக இருக்காது. ஓர் ஆவர்த்தனம் ஆறு விநாடி என்று கணக்கிட்டு, 45 சமங்களையும் ஆறால் பெருக்கி எழுதிவிட்டால், மூன்றாம் நிமிடத்தில் நீங்கள் எங்கேயோ, தவில் எங்கேயோ இருப்பீர்கள். திரிமுனை அவர்கள் சொன்னபடி ஒவ்வொரு சமத்தையும் காதால் கேட்டே குறி வையுங்கள்; அதையும் இரண்டு முறை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எதைக் குறி வைப்பது என்பது. நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் ஓர் அட்சரம் 0.75 விநாடி, கண்ட நடையில் அது ஐந்தாகப் பிரியும்போது ஒவ்வொரு மாத்திரையும் 0.15 விநாடி. ஒவ்வொரு தவில் சொல்லுக்கும் ஒரு வெடி என்று ஆசைப்பட வேண்டாம். விரிந்த பூ அணைய இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குள் அடுத்தடுத்து விட்டால் எது எந்த அடிக்கு உரியது என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். முதல் நிமிடத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒன்று போதும். முடிப்புச் சொற்கட்டான தீர்மானம் மும்முறை வரும்போது, முதல் முடிவில் ஒன்று, இரண்டாம் முடிவில் ஒன்று, மூன்றாவது வந்து சமத்தில் விழும்போது நான்கு ஒரே சமயத்தில் என்று வையுங்கள். தாளம் தெரியாத அமெரிக்க நண்பர்கள்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒளிக்கும் ஓசைக்கும் இடையே உள்ள தூரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பார்வையாளர் 90 மீட்டர் தள்ளி அமர்ந்து, பூ ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் விரிந்தால், நேர்கோட்டுத் தூரம் நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும் என்பதால், வெடியோசை 0.3 விநாடி கழித்தே காதுக்கு வரும். இதைப் பிழை என்று எண்ணிப் பலர் ஒளியை முன்தள்ளிவிடுகிறார்கள். ஒளியைச் சமத்திலேயே நிறுத்துங்கள், கண்தான் முதலில் தாளம் போடும். அதோடு, உங்கள் மல்லாரிக்கு அந்த 0.3 விநாடி சரியாக இரண்டு மாத்திரை. தக தகிட என்று சொல்லிப் பாருங்கள்: பூ விரிவது முதல் ‘த’வில், வெடியோசை வந்து விழுவது ‘தகிட’வின் ‘த’வில். கண்ட நடையின் இரண்டாவது அழுத்தம் இருக்கும் இடமே அதுதான். நாற்காலிகளை அந்தத் தூரத்தில் போட்டால், தவில்காரரோடு வானமும் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். காலப்பிரமாணம் சற்றே கூடிக் குறைவதால் ஒவ்வொரு முறையும் அச்சாக அமையாது. அமையும் இடங்களே மனத்தில் தங்கும்.

ஷாட் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட் என்று வாங்குவோமே, அதையே இங்கே கேக் என்று விற்கிறார்கள். உள்ளே குழாய்களை இணைக்கும் திரி எரியும் வேகத்தில்தான் அவை வெடிக்கும். நம் தாளத்துக்குக் கட்டுப்படா. ஆகவே நாதஸ்வரம் ஒரே ஸ்வரத்தை இழுத்து நீண்ட கார்வையில் நிற்கும் இடங்களில் பின்னணித் திரையாக மட்டும் அவற்றை வையுங்கள். பல பெட்டிகள் கடைசியில் நாலைந்து குழாய்களை ஒருசேர வெடித்து முடியும். அது எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று இரண்டு பெட்டிகளை விட்டு அளந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பற்றவைத்தால், அந்த முடிவு ஏறத்தாழ தீர்மானத்தின் அருகில் வந்து சேரும். ஒரு விநாடி முன்பின் ஆகலாம். அதற்கு இடம் விட்டு எழுதுங்கள்.


மணல்மூட்டை எழுதியது:

மேலே இருவரும் அழகாக எழுதிவிட்டார்கள். நான் மிசௌரியில் வசிக்கிறேன். பைரோடெக்னிக்ஸ் கில்ட் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பின் காட்சி நடத்துநர் பயிற்சியை முடித்தவன். 1969இல் தொடங்கிய அந்த அமைப்பு ஆண்டுதோறும் ஆகஸ்டில் வெவ்வேறு ஊர்களில் மாநாடு நடத்துகிறது. இதைப் பொழுதுபோக்காகத் தொடர நினைப்பவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது நல்லது. படித்து அறிய முடியாத பலவற்றை அங்கே பத்தடி தூரத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் இதைத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மழை பெய்து ஓய்ந்த புல்தரையில் ஒரு 500 கிராம் கேக்கை எந்த முட்டும் கொடுக்காமல் வைத்தேன். ஒவ்வொரு ஷாட்டும் கிளம்பும்போது பெட்டியைக் கீழ்நோக்கி உதைக்கும். ஈரமண் ஒரு பக்கம் உள்வாங்க, நான்காவது ஷாட்டில் பெட்டி சாய்ந்தது. ஐந்தாவது புல்லோடு புல்லாக நாற்காலிகளை நோக்கிப் போனது. என் அத்தையின் சால்வை ஓரம் கருகியதோடு தப்பித்தோம். அவர் அதைக் கழற்றிக் காலால் மிதித்து அணைத்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கேக்கையும் ஒட்டுப்பலகையில் ஒட்டி, பலகையின் நான்கு புறமும் மணல்மூட்டை அணைத்த பிறகுதான் கம்பியை இணைக்கிறேன்.

குண்டு விடும் குழாய்களுக்கும் இதே கவனம் தேவை. மின்சாரக் காட்சியில் ஒரு குழாயில் மீண்டும் குண்டு நிரப்ப நேரம் இராது. ஒரு குண்டுக்கு ஒரு குழாய் என்று முன்பே நிரப்பி வைக்க வேண்டும். குழாய்கள் எச்.டி.பி.இ. என்னும் தடித்த பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருக்கட்டும். தண்ணீருக்குப் பயன்படும் பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம், அது உள்ளே வெடித்தால் கூர்மையான சில்லுகளாகச் சிதறும். குழாய்ச் சட்டங்களை நீளவாக்கில் பார்வையாளரை நோக்கி வையுங்கள், அவற்றின் அகலப் பக்கம் பார்வையாளரைப் பார்க்கக் கூடாது. சாய்ந்தாலும் பக்கவாட்டில் சாயும்படி முட்டுக் கொடுங்கள். குண்டின் தட்டையான அடிப்பாகம் கீழே இருக்கிறதா என்பதை ஒவ்வொன்றிலும் கையால் தடவிப் பார்த்து இறக்குங்கள். தலைகீழாக இறங்கிய குண்டு குழாய்க்குள்ளேயே வெடிக்கும். நாலு குண்டு சேர்ந்து வெடிக்க வேண்டுமானால் நாலு வழிகளை ஒரே நேரத்துக்கு எழுதுங்கள். அதற்காகவோ, நிறம் மாற்றுவதற்காகவோ, எந்த வாணத்தையும் பிரிக்கக் கூடாது. பிரித்த கணத்தில் அது நுகர்பொருள் அல்ல. சட்டத்தின் பார்வையிலும் உங்கள் விரல்களின் பார்வையிலும்.

தூரத்தைப் பொறுத்தவரை, தொழில்முறைக் காட்சிகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 1123 என்னும் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி, குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 70 அடி என்று சொல்கிறது. நாம் வாங்கும் ஒன்றே முக்கால் அங்குலக் குண்டுக்கு அதே கணக்கைப் போட்டால் 120 அடிக்கு மேல் வரும். தாளக்காரி அவர்கள் சொன்ன 90 மீட்டர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் காட்சியை அனுமதிக்கப்பட்ட வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள். இதை முன்கூட்டியே விருந்தினரிடம் சொல்லிவிட்டால், அன்று மாலை உங்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கம்பிகளில் மின்னோட்டத் தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பதும் மாட்யூலை இயக்கநிலைக்குக் கொண்டுவருவதும் களத்தில் ஒருவரும் இல்லாதபோது மட்டுமே நடக்க வேண்டும். வெடிக்காமல் நின்றுவிட்டதைக் காட்சி முடிந்து அரைமணி நேரம்வரை நெருங்காதீர்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். மீண்டும் கொளுத்திப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

ஓஹையோ சட்டம் தீபாவளியைக் குறித்திருந்தாலும், உள்ளூராட்சிகள் தம் எல்லைக்குள் அதைத் தடுக்கவோ நேரத்தைக் குறைக்கவோ முடியும். உங்கள் நண்பரின் நிலம் எந்த டவுன்ஷிப்பில் வருகிறதோ அங்கே கேட்டு, கிடைக்கும் விடையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும், குதிரை, நாய் வளர்க்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவது முறை.

1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில், ஹாண்டெல் இசையமைக்க, மன்னரின் ஆணையால் நடந்த பெரும் வாணவேடிக்கையில், அதற்கென்று கட்டிய மண்டபத்தின் ஒரு பகுதியே தீப்பற்றி எரிந்தது. அரசின் பொருளும் ஆட்களும் இருந்த இடத்திலேயே அப்படியென்றால், நாலு பேர் நடத்தும் காட்சியில் ஒருவருக்கு வேறு வேலையே கொடுக்காமல், தண்ணீர்க் குழாயோடு நிற்க வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது மிகையல்ல.


ஓஹையோவாசி எழுதியது:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. டவுன்ஷிப் அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். தடை ஏதும் இல்லை என்று மின்னஞ்சலில் பதில் வந்திருக்கிறது. தொழிலாளர் தின வார இறுதியும் இங்கே அனுமதிக்கப்பட்ட நாட்களில் வருவதால், அன்று ஆறு குண்டுகளையும் இரண்டு கேக்குகளையும் விட்டு அளந்தோம். குண்டுகளுக்கு 3.1 முதல் 3.4 விநாடிவரை வந்தது, நடுவில் 3.25 என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கேக்கின் இறுதி வெடிப்பு 26ஆம் விநாடியிலும், அதே வகையில் மற்றொன்றின் இறுதி வெடிப்பு 27ஆம் விநாடியை ஒட்டியும் வந்தன.

சமங்களைக் குறித்து முடித்துவிட்டேன். தாளக்காரி அவர்கள் எச்சரித்ததுபோலவே, தொடக்கத்தில் 6.1 விநாடியாக இருந்த ஆவர்த்தனம் முடிவில் 5.6 ஆகிவிடுகிறது. இன்னும் ஒரே ஓர் ஐயம். மல்லாரி தொடங்குவதற்கு முன் பதிவில் 20 விநாடி நாதஸ்வரம் மட்டும் கம்பீர நாட்டையைத் தொட்டுக் காட்டுகிறது; தவில் இல்லை. அங்கே ஏதாவது விடலாமா, அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிடலாமா?


தாளக்காரி எழுதியது:

வெட்டாதீர்கள், எதையும் விடவும் வேண்டாம். களத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு அந்த 20 விநாடியும் இருட்டிலேயே ஒலிக்கட்டும். அதற்குள் எல்லோருடைய கண்களும் இருட்டுக்குப் பழகிவிடும். தவிலின் முதல் அடியில் ஒரே ஒரு வெள்ளி நிறக் குண்டு விரியட்டும், அதற்கடுத்த சமத்தைக் காலியாக விடுங்கள். முதல் குண்டுக்கான மின்சாரம் தவில் ஒலிப்பதற்கு 3.25 விநாடி முன்பே, நாதஸ்வரக்காரர் கடைசி மூச்சில் நிற்கும்போதே பாய வேண்டும் என்பதை அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆவர்த்தனம் 5.6 விநாடிக்கு இறங்கும் பகுதியில் ஒரு மாத்திரை 0.14 விநாடி ஆகிவிடுவதால், நாற்காலிகளை ஐந்தாறு மீட்டர் முன்னே போட்டால் ‘தகிட’ அங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும். மணல்மூட்டை அவர்கள் சொன்ன தூரத்துக்கு அது எந்தக் குறையும் வைக்காது.